உப்பு நிலாவின் ஒன்பதாம் பாகம்

விஜயதாஸின் அச்சகத்தில் பேச்சு முழுவதும் தமிழ்தான். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. கேரள எல்லையோரம், பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி என்று வளர்ந்த சனம். அடுத்த வீட்டுக்காரனோடு வழக்கு பேசத் தமிழ் போதும். அந்த வழக்கை மனுவாக எழுத மலையாளம் வேண்டும். விஜயதாஸும் அப்படித்தான், பைண்டிங் செய்கிற பொன்னப்பனும் அப்படித்தான், அவரிடம் நாலு வருடமாக வேலை பழகும் ஜிஷாவும் அப்படித்தான். சபைப் பாட்டுப் புத்தகம், கல்யாணக் கடிதம், பஞ்சாயத்துப் படிவம் எல்லாம் மலையாளத்தில் வரும், போகும். தமிழில் வருவது ஒன்றே ஒன்று. அது சங்கரியின் புத்தகம்.

அதனால் அந்தப் புத்தகம் கட்டாகும் நாளில் சங்கரி பக்கத்தில் நிற்பாள். எட்டு பாகத்துக்கும் நின்றாள். ஒன்பதாவதுக்கு நிற்க முடியாமல் போயிற்று.

சங்கரிக்கு ஊர் பாறசாலை. திருவனந்தபுரத்தில் ஒரு கணினிக் கம்பெனியில் ஜப்பான்காரர்களுக்காக வேலை பார்த்தவள். அந்த மொழியைப் பிழைப்புக்காகத்தான் கற்றாள். கற்ற மொழி அவளை ஒரு படக்கதையில் கொண்டு மாட்டியது. மங்கா என்பார்கள் அங்கே, வலமிருந்து இடமாக வாசிப்பது. ‘உப்பு நிலா’ என்று பெயர். எங்கோ தொலைவில் ஒரு கிரகம், அதைச் சுற்றும் உப்பாலான நிலவு, அங்கே தண்ணீருக்குக் கிணறு வெட்டும் கூலிக்காரர்கள். அவர்களில் ரிகோ என்று ஒரு பெண். வலது கை விளங்காது. அவள் பூமிக்கு எழுதுகிற கடிதம் போய்ச் சேரவே பத்தொன்பது வருடம் ஆகும். எழுதிக்கொண்டே இருப்பாள்.

கதையில் ரிகோ பட்ட பாட்டைவிடக் கதை பட்ட பாடு பெரிது. வரைந்தவர் குனிஹரா ஷிஸு என்ற அம்மாள். தொண்ணூற்றாறில் ஒரு மாத இதழில் தொடராக வர ஆரம்பித்தது. இரண்டாயிரத்து ஒன்றில், ரிகோ கிணற்றுக்குள் இறங்கிய மாதத்தில், இதழையே மூடிவிட்டார்கள். ஐந்து வருடம் அவள் கிணற்றுக்குள் இருந்தாள். பிறகு வேறொரு நிறுவனம் எடுத்தது. அதற்குள் அந்த அம்மாளுக்குக் கண் மங்கத் தொடங்கி, வருடத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று இழுத்து, இரண்டாயிரத்துப் பதினாலில் முடித்தார். மொத்தம் ஒன்பது பாகம். முதல் நாலு ஒரு நிறுவனத்திடம், பின் ஐந்து மற்றொன்றிடம். இங்கிலீஷில் மூன்றோடு நின்றது. ஐரோப்பாவில் ஒரு மொழியில் போட்டவர்கள், இடமிருந்து வலமாக வாசிக்க வசதி என்று படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிட்டார்கள். ரிகோவின் விளங்காத கை இடதாகிப் போனது. அந்த அம்மாள் அத்தனை பிரதியையும் திரும்ப வாங்க வைத்தார். அன்றிலிருந்து எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி உண்டு: படமோ பக்க வரிசையோ மாறக் கூடாது, விற்கும் முன் இரண்டு பிரதி டோக்கியோவுக்கு வந்து, பார்த்து, சரி என்று எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அச்சடித்தது அத்தனையும் அழிக்க வேண்டும்.

சங்கரி இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, காத்துக் கிடந்து, தமிழில் கொண்டுவர இரண்டு ஒப்பந்தம் வாங்கினாள். வருடத்துக்கு ஒரு பாகம். அதற்கும் நானூறு வீட்டில் வாசிக்க ஆள் சேர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து, மதுரையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட. எட்டாம் பாகம் முடியும்போது ரிகோ உப்புக்கு அடியிலிருந்து இடது கையால் கயிற்றைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியிருப்பாள்.

போன ஐப்பசியில் குனிஹரா அம்மாள் இறந்துபோனார். மகன் எல்லா உரிமையையும் ஒன்றாக்கி ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறார் என்று கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றோடு சின்ன மொழி ஒப்பந்தங்கள் எல்லாம் முடியும். அதற்கு முன் சரி என்று சொல்லப்பட்டவை விற்கலாம். மற்றவை இல்லை. புதிய கம்பெனியின் பட்டியலில் தமிழ் கிடையாது. ஒன்பதாம் பாகம் அந்தத் தேதிக்குள் ஒப்புதல் வாங்காவிட்டால், தமிழில் ரிகோ கயிற்றிலேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சங்கரி அவசர அவசரமாகத்தான் வேலை செய்தாள், ஆனால் பிழையில்லாமல் செய்தாள். மார்ச் முதல் வாரம் அச்சாகி முடிந்தது. கட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பொன்னப்பன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஜிஷா இருக்கிறாளே என்றார் விஜயதாஸ். எட்டு பாகத்தில் நாலுக்கு அட்டை ஒட்டினது அவளாக்கும் என்றார். பன்னிரண்டாம் தேதி கட்டுவது என்று முடிவானது.

பன்னிரண்டாம் தேதி ஹர்த்தால், கேரளம் முழுக்கக் கடையடைப்பு. முந்தின நாள் மாலைதான் அறிவித்தார்கள். பஸ் இல்லை. சங்கரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பார்த்தாள். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கட்சிக் கொடிக்காரர்கள் சாலையில் குறுக்கே நின்று, ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டு, இல்லை என்றதும் திருப்பி அனுப்பினார்கள். ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

விஜயதாஸ் போன் செய்தார். ஜிஷாவின் வீடு அச்சகத்துக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் வந்துவிடும்; அவள் நடந்தே வந்துவிட்டாளாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை முடித்துவிடலாம் என்றார்.

“நான் இல்லாம வேண்டாமே அண்ணா. நாளைக்குக் கட்டுவோம்.”

“நாளைக்குக் கட்டினா பசை காய ஒரு நாள், வெட்ட ஒரு நாள். கூரியர் சனிக்கிழமையாக்கும் போவும். பிறகு ஜப்பான்ல எப்பம் போய்ச் சேரும், எப்பம் அவியோ பாப்பினும்? நீயே கணக்குப் போடு மக்கா. இண்ணைக்குக் கட்டினா வெள்ளி காலையில நெய்யாற்றின்கரையில கொண்டு கொடுத்திருவேன்.”

சங்கரி நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரி என்றாள். அந்தச் சரியை அவள் பின்னால் பலமுறை தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் சரி என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அச்சகத்துக்குப் போனபோது விஜயதாஸ் கூரியர் கொடுத்துவிட்டுத் திரும்பி, பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். உன் புத்தகத்துக்கு மட்டும் முகம் முதுகில் இருக்கிறது, இதை வாசிக்கிற சனம் சட்டையை எப்படிப் போடுமோ என்று எட்டு வருடமாகச் சொல்கிற கேலியை அன்றும் சொன்னார். ஜிஷா இரவும் பகலுமாக நின்றதில் கண் வீங்கி, ஆனால் சிரித்த முகமாக, கட்டி வெட்டி அடுக்கிய புத்தகங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

கட்டு அருமையாக இருந்தது. முதுகு நேர். ஓரம் சுத்தம். சங்கரி வலப்பக்கமிருந்து திறந்தாள்.

தலை நரைத்த ரிகோ கிணற்று விளிம்பில் கையூன்றி நின்றாள்.

அது கடைசி அத்தியாயம். சங்கரி பக்கங்களைத் திருப்பினாள். பதினாறாம் பக்கத்தில் ‘முற்றும்’ என்று அவள் கையாலேயே எழுதிய எழுத்து. அதற்கு அடுத்த பக்கத்தில் ரிகோவுக்கு நரைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் பதினாறு தாண்டினால் நரையே இல்லை. கடைசிப் பதினாறு பக்கத்தில் புத்தகம் ஆரம்பித்தது.

ஜிஷா அவள் முகத்தைப் பார்த்தாள். “என்னக்கா, எங்கயெங்கிலும் மை பரந்திருக்கா?”

சங்கரி இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று. அடியிலிருந்து ஒன்று. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதை ஒரு ஃபாரம் என்பார்கள். பதின்மூன்று ஃபாரம் சேர்ந்தால் இந்தப் புத்தகம். மேசையில் பதின்மூன்று குவியலை வரிசையாக வைத்து, நடந்துகொண்டே ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்து அடுக்க வேண்டும். மடிப்பு இடது கைப் பக்கம், ஒன்றாம் ஃபாரம் மேலே. அச்சகத்தில் எந்தப் புத்தகத்துக்கும் அதுதான் முறை. வலமிருந்து திறக்கிற இந்தப் புத்தகத்துக்கு மட்டும் ஒன்றாம் ஃபாரம் அடியில் போக வேண்டும். மடிப்பில் எண் இருந்தது, ஜிஷா ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் எடுத்தாள். ஒன்றை மேலே வைத்தாள். படம் ஓரம்வரை ஓடுகிற புத்தகம், பக்க எண் போட இடமில்லை. அட்டை ஒட்டும்போது முகம் அடியில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒழுங்காகவே ஒட்டினாள். அடுக்குவது எப்போதும் பொன்னப்பன். அவர் கை தலைகீழாகப் போகும் என்பதை அவள் பார்த்ததில்லை.

விஜயதாஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பொன்னப்பனின் குரல் மருந்து மயக்கத்தில் இழுத்து இழுத்து வந்தது.

“ஒண்ணை நான் அடியிலயாக்கும் வைப்பேன். அது சொல்லித் தரணும்னு தோணல்ல மக்கா. கை தன்னால செய்யிய காரியம். சோறு திங்கியத யாரெங்கிலும் சொல்லித் தருவினுமா?” பிறகு அவராகவே சேர்த்துச் சொன்னார்: “பிள்ளைய ஏசாதியும்.”

விஜயதாஸ் அதற்குள் ஏசத் தொடங்கியிருந்தார். எழுத்துதான் தெரியாது, படத்தைப் பார்த்தாலுமா தெரியாது என்று கேட்டார்.

“அந்தப் பொண்ணு எல்லாப் படத்துலயும் கயித்துல தானே மாமா தொங்குது,” என்றாள் ஜிஷா. “அதுல முன்ன எது, பின்ன எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

காலையில் கூரியர் பொதியில் வைக்கும் முன் விஜயதாஸும் புரட்டிப் பார்த்திருந்தார். படம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருந்தார். சங்கரிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டால் யார்மேல் படுவது என்று தேடிப் பார்த்தாள், ஒருவரும் அகப்படவில்லை. எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

கூரியர் ஆபீசில் கேட்டதற்குப் பொதி திருவனந்தபுரம் போய்விட்டது என்றார்கள். திருவனந்தபுரத்தில் கேட்டதற்கு விமானத்துக்குப் போய்விட்டது என்றார்கள். விமானத்தில் ஏறினதைத் திரும்ப எடுக்க ஒரு படிவம் உண்டு, அதை அனுப்பினவர் நேரில் வந்து தர வேண்டும், ஆனால் அதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பெண் மிகவும் அன்பாகச் சொன்னாள். அன்று மாலையே சங்கரி டோக்கியோவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். கட்டுகிறவர்களின் தவறு, வரிசையை மாற்றும் எண்ணம் இல்லை, உடனே சரிசெய்கிறோம், கெடுவுக்கு மேல் பத்து நாள் தாருங்கள்.

சரிசெய்ய மூன்று பேரும் முயன்றார்கள். அடுப்பில் சூடாக்கிய தட்டையான இரும்பை முதுகில் வைத்துப் பசையை இளக்கி, அட்டையை உரித்து, ஃபாரங்களைப் பிரித்து, மறுபடி அடுக்கினார்கள். ஆனால் பசை பிடிக்க மடிப்பை ஏற்கெனவே சீவியாகிவிட்டது. இனி எல்லாம் தனித்தனித் தாள். மறுபடி ஒட்ட மறுபடி சீவ வேண்டும். சீவினால் உள் ஓரத்தில் இருக்கும் பேச்சு போய்விடும். ஒரு புத்தகம் முழுசாகச் செய்து முடித்தார்கள். ரிகோ வாயைத் திறக்கிறாள், சொல் பாதியில் மடிப்புக்குள் போகிறது. ஓரிடத்தில் அவள் பிடித்திருந்த கயிறே போய்விட்டது. வெறும் கை மட்டும் மேலே நீண்டிருந்தது.

புதிதாக அச்சடிக்கலாம் என்றால் அந்தத் தாள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வந்தாலும் அச்சாகி, கட்டி, டோக்கியோ போய், அவர்கள் பார்த்துப் பதில் எழுதுவதற்குள் தேதி தாண்டிவிடும். எப்படிக் கூட்டினாலும் ஆறு நாள் அதிகமாகவே வந்தது. விஜயதாஸ் குன்னத்துகால் பஞ்சாயத்தில் யாரையாவது பிடித்தால் நடக்குமா என்றுகூடக் கேட்டார். பாவம், அவருக்குத் தெரிந்த வழி அது.

இருபத்து நாலாம் தேதி பதில் வந்தது. உரிமைப் பிரிவில் இருந்த பெண் எழுதியிருந்தாள். ஐந்தாம் பாகத்திலிருந்து அவள்தான் சரி என்று எழுதியவள். ஆறாம் பாகம் வந்தபோது தமிழ் எழுத்து கயிறுபோல அழகாகச் சுருண்டிருக்கிறது என்று ஒரு வரி கூடுதலாக எழுதியவள். இந்த முறை கடிதம் மிக நீளமாகவும் மிக மரியாதையாகவும் இருந்தது. அதனாலேயே சங்கரிக்கு முதல் பத்தியில் தெரிந்துவிட்டது. விளக்கம் புரிந்தது, கவலையும் புரிந்தது. குடும்பத்தாரிடம் காட்டினோம். தம் தாயார் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அழுதார், அது எந்தப் பதிப்பைப் பார்த்து என்று தங்களுக்குத் தெரியும் என்று மகன் நினைவூட்டச் சொன்னார். காலத்தை நீட்டிப்பது சற்றுக் கடினமாக இருக்கிறது.

அவர்கள் ‘சற்றுக் கடினம்’ என்று எழுதினால், இல்லை என்று அர்த்தம். இருபது வருடம் அந்த மொழியோடு புழங்கியவளுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கரி மறுபடி எழுதினாள். விற்க மாட்டேன், அந்த நானூறு பேருக்கு மட்டும் சும்மா கொடுக்கிறேன் என்றாள். கடினம். கணினியில் மட்டும் காட்டுகிறேன் என்றாள். கடினம். கதை எப்படி முடிகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பவாவது அனுமதி உண்டா என்றாள். அதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. தங்கள் உணர்வைப் பெரிதும் மதிக்கிறோம் என்று தொடங்கியது. அடியில் அழிப்புச் சான்றிதழின் மாதிரி இணைக்கப்பட்டிருந்தது. எத்தனை பிரதி, எப்படி அழித்தது, வீடியோ பதிவு அவசியம்.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு சங்கரி அச்சகத்துக்குப் போனாள். வீட்டில் வைத்திருந்த பிரதிகளையும், மறுபடி ஒட்டிய அந்த ஒன்றையும் பையில் கொண்டுபோனாள். ஒன்றை மட்டும் ஒளித்து வைக்க முடியாதா என்று விஜயதாஸ் கேட்டார். எண்ணிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டுக் கட்டிங் மிஷினின் கத்தியைத் துடைத்தார். தாமே வெட்டுவதாகச் சொன்னார். ஜிஷா ஒத்துக்கொள்ளவில்லை. தான் கட்டியதைத் தானே வெட்டுவதாகச் சொல்லி மிஷின் முன்னால் போய் நின்றாள்.

சங்கரி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். இருபது இருபது புத்தகமாக அடுக்கி, அழுத்துகட்டையை இறக்கி, ஜிஷா கைப்பிடியை இழுத்தாள். கத்தி இறங்கியது. புத்தகம் நடுவில் இரண்டாயிற்று. மூன்றாவது அடுக்கு முடிந்ததும் ஜிஷா அப்படியே நின்றாள்.

“அக்கா, நாலு வருசமா இதுக்கு நான் அட்டை ஒட்டுறேன். கதை என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. நானாக்கும் இத நாசமாக்கினது. எனக்கு நீங்க சொல்லணும்.”

“எதை?”

“அவ மேல வந்தாளா?”

சங்கரி வாயைத் திறந்தாள். வந்தாள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கிருந்து வந்தாள், யாரை விட்டு வந்தாள், கிணற்றில் இறங்கிய பெண்ணுக்கு ஏறும்போது ஏன் தலை நரைத்தது, இதெல்லாம் தெரியாதவளுக்கு அந்தச் சொல்லால் என்ன பிரயோசனம். எழுதி அனுப்பக் கூடாது, காட்டக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று கடிதங்களில் இருந்தது. வாயால் சொல்வதைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வழி உண்டு என்பது எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அவள் வீடியோவை நிறுத்தாமல், ஒலியை மட்டும் அடைத்துவிட்டு, முதல் பாகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒரு நிலா உண்டு. முழுக்க உப்பு. அங்கே ஒரு பிள்ளை, வலது கை விளங்காது.

“பிறவியிலயா?” என்றாள் ஜிஷா.

“இல்ல. அது மூணாம் பாகத்துல வரும்.”

ஜிஷா அடுக்கினாள், இழுத்தாள், வெட்டினாள், கேட்டாள். ரிகோ கடிதம் எழுதினால் பதில் வருமா என்றாள். பத்தொன்பது வருடம் போக, பத்தொன்பது வருடம் வர என்றதும், அப்படியானால் எழுதுவானேன் என்றாள். விஜயதாஸ் கல்யாணக் கடிதத்துக்கு மை கலக்கிக்கொண்டே, எழுதாமல் இருந்தால் மட்டும் என்ன கிடைக்கப் போகிறது என்று அங்கிருந்தே பதில் சொன்னார். எட்டு வருடத்தில் அவர் அந்தக் கதையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. உப்பில் வெடிப்பு விழுந்து ரிகோவின் கை நசுங்கிய இடம் வந்தபோது ஜிஷா கைப்பிடியை விட்டுவிட்டு நின்றாள். பிறகு அவளாகவே அடுத்த அடுக்கை எடுத்து வைத்தாள்.

சங்கரி வேகமாகச் சொல்ல முயன்றாள். வேகமாகச் சொன்னால் ஜிஷாவுக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டாள். மெதுவாகச் சொன்னால் குவியல் குறைந்துகொண்டே போயிற்று. கத்திக்கு ஒரு அடுக்கு ஐந்து நிமிடம். கதைக்கு ஒன்பது பாகம்.

பதினொன்றரைக்குக் கடைசி அடுக்கு. மறுபடி ஒட்டிய அந்த ஒரு பிரதியும் அதில் இருந்தது. சங்கரியின் கதையில் ரிகோ அப்போதுதான் முதன்முதலாகக் கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலாம் பாகத்தின் பாதி. கத்தி இறங்கியது. சங்கரி போனில் சிவப்புப் புள்ளியை அழுத்தி நிறுத்தினாள். சான்றிதழில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பழைய தாள் எடுக்கிற வண்டி வந்து ஹாரன் அடித்தது. விஜயதாஸ் ஜிஷாவைக் கூப்பிட்டார். வண்டியில் ஏற்றிவிட்டு, இரண்டு மணிக்குள் சபைக்காரர்களின் பெருநாள் நோட்டீஸை மடிக்க வேண்டும், ஆள் வந்து நிற்பான் என்றார். ஜிஷா வெட்டுத் துண்டுகளைச் சாக்கில் அள்ளினாள்.

“மீதி?” என்றாள் குனிந்தபடியே.

“சொல்லுறேன்,” என்றாள் சங்கரி. “இறங்கத்தான் போறா. நீ இத முடி.”

“நாளைக்கு வருவியளா அக்கா?”

வருகிறேன் என்றுதான் சங்கரி சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வண்டிக்காரன் சாக்குகளின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். குன்னத்துகால் முக்கு தாண்டும்போதுதான், நாளைக்கு அந்த அச்சகத்தில் தனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.